அடுத்த நூல் ஆலோசகர்

நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, நடுவராக இருக்கும் ஒருவர் சொல்லச் சொல்லக் கதையை வளர்த்து, இக்கட்டான கட்டங்களில் பகடையை உருட்டி முடிவு காணும் ஆட்டத்துக்கு அமெரிக்காவில் ரோல்பிளேயிங் கேம் என்று பெயர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் 1974இல் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனிவா என்ற சிற்றூரிலிருந்து விற்பனைக்கு வந்ததோடு இது ஒரு வணிகமாயிற்று. இதில் ஈடுபடுவோர் ஆடுபவர், ஆட்டத்தை நடத்துபவர் என்ற இரு வகையினரே என்று வெளியார் எண்ணக்கூடும். பெரும்பாலும் ஆடாமலும், ஒருபோதும் நடத்தாமலும், பதிப்பாளர் அடுத்து எந்த நூலைக் கொண்டுவர வேண்டும் என்பதை மட்டும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் மூன்றாம் வகையினரும் உண்டு. இக்கட்டுரை அவர்களைப் பற்றியது.

ஆட்டத்தின் அடிப்படை விதிகள் அடங்கியது மூலநூல். அதை வாங்கியவருக்கு மேலும் ஆயுதங்களையோ, எதிரிகளையோ, கதைக்களங்களையோ தருவதற்காகத் தனியே அச்சிட்டு விற்கப்படுவது துணைநூல். மூலநூல் ஒன்றே ஓர் ஆயுளுக்குப் போதும் என்று தோன்றினாலும், டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸுக்கு 1975ஆம் ஆண்டிலேயே கிரேஹாக், பிளாக்மூர் என இரண்டு துணைநூல்கள் வந்துவிட்டன. நம் ஆலோசகரின் குலமுதல்வர் அந்த முதல் துணைநூலைக் கையில் வாங்கி, கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டி, இரண்டாவது எப்போது என்று கேட்டிருப்பார் என ஊகிக்கலாம். பந்தியில் இலை போட்டவுடனே பாயசம் எப்போது வரும் என்று கேட்பவருக்கும் அவருக்கும் அதிக வேறுபாடு இல்லை.

ஆலோசகருடைய திறமை முழுமையாக வெளிப்படும் இடம், இன்றைய உலகத்தையே களமாகக் கொண்ட ஆட்டவரிசை. விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2002இல் வெளியிட்ட டி20 மாடர்ன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டிராகன்கள் திரியும் மாய நாட்டில் ஓர் ஊரின் கோட்டைக் கதவு எப்படித் திறக்கும் என்பதை நடுவர்தான் சொல்ல முடியும். அவர் சொன்னதே சட்டம். இன்றைய அமெரிக்க நகரம் ஒன்றில் வங்கிப் பெட்டகம் எப்படித் திறக்கும் என்றாலோ, மேசையைச் சுற்றியுள்ள ஐந்து பேருக்கும் ஐந்து கருத்துகள் இருக்கும். அவர்களுள் ஒருவர் வங்கியிலேயே வேலை பார்ப்பவராகவும் இருந்து தொலைப்பார். எல்லோருக்கும் தெரிந்த உலகத்தைப் பற்றி இன்னொரு நூலில் என்னதான் எழுதுவது என்பது பதிப்பாளருக்கு உண்மையிலேயே கடினமான கேள்வி. ஆலோசகருக்கு அது கேள்வியே இல்லை.

வெள்ளிக்கிழமை மாலைகளில், மத்திய மேற்கு மாநிலங்களின் ஏதாவது ஓர் ஆட்டக்கடையில் அவரைக் காணலாம். புதிய துணைநூலைக் கையில் எடுத்தவுடன் பின்புறத்துச் சொல்லடைவைத் திறந்து, விரலை மேலிருந்து கீழாக ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தி, தலையை இருமுறை ஆட்டுவார். “சாக்கடை இல்லை” என்பார். நகரத்தில் நடக்கும் கதைக்குப் பாதாளச் சாக்கடை எத்தனை இன்றியமையாதது என்பதை அடுத்த அரைமணி நேரத்துக்கு விளக்கிவிட்டு, அதற்கெனத் தனி நூல் வரவேண்டிய அவசியத்தை நிறுவுவார். “போன மாதம் வந்த நூலை வாங்கினீர்களா?” என்று கடைக்காரர் கேட்டால், அது தாம் சொன்ன நூலில்லையே என்பது பதிலாக வரும். தாம் சொன்ன நூலே வந்துவிட்ட மாதத்தில், தாம் அதைச் சொன்னது மூன்றாண்டுகளுக்கு முன்பென்றும், இப்போது தேவை வேறென்றும் சொல்வார்.

ஆயுதங்களில் அவருக்குள்ள பற்று தனியாகக் குறிப்பிடத்தக்கது. டி20 மாடர்ன் விதிகளின்படி பெரெட்டா 92எஃப் கைத்துப்பாக்கியானாலும் கிளாக் 17 ஆனாலும், சுட்டால் ஏற்படும் காயம் இரண்டு அறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகைதான். ஒன்றில் பதினைந்து குண்டுகளும் மற்றதில் பதினேழும் கொள்ளும் என்பதைத் தாண்டி ஆட்டக்காரருக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. ஆலோசகருக்கு இந்த இரண்டு குண்டுகள் நூல் எழுதப் போதுமான இடைவெளி. 2004இல் ஆயுதங்களுக்கென்றே வெப்பன்ஸ் லாக்கர் என்ற துணைநூல் வந்தபோது, அவர் ஒரு வாரம் நிறைவாக இருந்திருக்கக்கூடும். பிறகு துப்பாக்கி உறைகளின் நினைவு வந்துவிடும்.

பணமும் அவரை வருத்துகிறது. இந்த ஆட்டத்தில் டாலர்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம் என்பதற்காக ஒருவருடைய வசதியை ஒரே எண்ணாகக் குறித்து, விலையுயர்ந்த பொருளை வாங்க முடியுமா என்பதைப் பகடையால் தீர்மானிக்கும் முறையை வகுத்திருந்தார்கள். சராசரி ஆட்டக்காரர் இதை ஒரு விடுதலையாகவே எடுத்துக்கொண்டார். ஆலோசகரோ மாநிலவாரியான விற்பனைவரி அட்டவணையோடு கூடிய விலைநூல் ஒன்றை எதிர்பார்க்கிறார். பாத்திரத்தின் முன்தொழில் பற்றிய பகுதியும் அவருக்கு நிறைவளிப்பதில்லை. விளையாட்டு வீரர், குற்றவாளி, மருத்துவர், காவல்துறையினர் என்றெல்லாம் நுணுக்கமாகப் பிரித்த ஆசிரியர்கள், அலுவலக ஊழியர் அனைவரையும் வெள்ளைக் காலர் என்ற ஒரே தலைப்பில் அடைத்துவிட்டார்கள். காப்பீட்டு அலுவலகத்தில் உரிமைக்கோரல்களைச் சரிபார்க்கும் பணியிலுள்ள ஒருவர் இதைத் தனிப்பட்ட அவமதிப்பாகக் கருதினால் அவரைக் குறைகூற முடியாது.

இத்தகையோரின் விருப்பங்களுக்குப் பதிப்பாளர் செவிசாய்த்தாரோ இல்லையோ, வரிசை சென்ற திசை வியப்புக்குரியது. இன்றைய காலத்துக்கென்று தொடங்கப்பட்ட இந்த ஆட்டத்துக்கு, 2003இல் நகரத் தெருக்களில் மாய உயிரினங்களை உலவவிடும் அர்பன் ஆர்க்கேனா வந்தது; 2004இல் எதிர்காலத்துக்கு ஒரு நூல்; 2005இல் கடந்த காலத்துக்கு ஒன்று; அதே ஆண்டில் உலகம் அழிந்த பிறகான நிலைக்கும் ஒன்று. மாயம் கலவாத நிகழ்காலம் மட்டும் பெரும்பாலும் மூலநூலோடும் அந்த ஆயுத நூலோடும் நின்றுகொண்டிருந்தது. முன்னும் பின்னும் போய்வந்து, உலகத்தையும் ஒருமுறை முடித்துவிட்ட வரிசைக்கு, திங்கட்கிழமை காலையில் ஒரு சாதாரண மனிதன் மருத்துவமனைக்குள் எப்படித் திருட்டுத்தனமாக நுழைவான் என்பதைச் சொல்ல நேரமில்லாமல் போனது.

நிகழ்காலத்துக்கு விரைவில் பழசாகிவிடும் தொல்லையும் உண்டு. 2002ஆம் ஆண்டு மூலநூலின் பொருட்பட்டியலில் கைப்பேசி, எண்முறைக் கேமரா, உள்ளங்கைக் கணினி ஆகியவை தனித்தனியே வாங்கவேண்டிய கருவிகளாக இடம்பெற்றன. சில ஆண்டுகளுக்குள் முதலாவது மற்ற இரண்டையும் விழுங்கிவிட்டது. 1920களைக் களமாகக் கொண்டு 1981இல் வெளியான கால் ஆஃப் துலூ என்ற திகில் ஆட்டத்துக்கு இந்தக் கவலை இல்லை. அங்கே பாழடைந்த மாளிகையில் சிக்கியவர் உதவிக்கு ஆளழைக்க மைல்கணக்கில் ஓட வேண்டும், ஓடுவதற்குள் கதை முடிந்துவிடும். கைப்பேசி உள்ள காலத்தில் அதே மனிதர் காவல்துறையை அழைத்துவிட்டால் நடுவர் என்ன செய்வது என்பதற்குத் தக்க விடை தரும் ஒரு நூல், உண்மையாகவே பயன்பட்டிருக்கும். ஆலோசகர் இதைக் கேட்பதில்லை. ஆட்டத்தை நடத்துபவருக்கு மட்டுமே வரக்கூடிய தொல்லை இது. ஆலோசகரோ எல்லாத் துணைநூல்களும் வந்து முடிந்தபின் நடத்துவதாக இருக்கிறார்.

அவர் அறியாத கணக்கு ஒன்றும் உண்டு. மூலநூலை ஆடுவோர் எல்லோரும் வாங்கக்கூடும். துணைநூலைப் பெரும்பாலும் நடுவர் ஒருவரே வாங்குவார். அதுவும் தம் கதைக்குப் பொருந்தினால் மட்டுமே. 1990களில், டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸின் அப்போதைய பதிப்பாளரான டி.எஸ்.ஆர். நிறுவனம் பாலைவன உலகம், அரபுக் கதையுலகம், பல தளங்களைக் கொண்ட பேரண்டம் என்று களத்துக்கு மேல் களமாக வெளியிட, ஒரே வாசகர்கூட்டம் பல துண்டுகளாகப் பிரிந்ததும், அந்நிறுவனத்தின் நலிவுக்கு அது ஒரு காரணமாகச் சொல்லப்படுவதும், 1997இல் விசர்ட்ஸ் அதை வாங்கிக்கொண்டதும் துறையில் பலரும் அறிந்தவை. இந்த வரலாறு ஆலோசகருக்கும் மனப்பாடம். அந்த உலகங்கள் இன்னும் சில இருந்திருந்தால் நிறுவனம் பிழைத்திருக்கும் என்பது அவர் கண்ட முடிவு.

இன்றைய காலத்து ஆட்டத்துக்கு மிகவும் தேவைப்படுவது இடங்களின் வரைபடங்கள். ஆட்டக்காரர்கள் திடீரென்று விமான நிலையத்துக்குள் ஓடினால், வாசல் எது, படிக்கட்டு எங்கே, கதவுக்கு அப்பால் என்ன என்று நடுவர் உடனடியாகச் சொல்லியாக வேண்டும். அந்த வகை நூலான கிரிட்டிகல் லொக்கேஷன்ஸ் 2006இல், வரிசை ஏறக்குறைய முடியும் தறுவாயில் வந்தது. ஆலோசகர் அதை வாங்கினார் என்பதே அதிசயம். வாங்கி, கட்டடங்களின் கழிவுநீர் எந்தக் குழாய்வழியே வெளியேறுகிறது என்பதைத் தேடினார்.

டி20 மாடர்ன் விதிகளின் பெரும்பகுதியைப் பதிப்பாளர் திறந்த உரிமத்தில் வெளியிட்டிருந்தமையால், உரிமத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு யார் வேண்டுமானாலும் துணைநூல் எழுதி விற்கலாம் என்ற நிலை இருந்தது. சிறு நிறுவனங்கள் பல அப்படி எழுதியும் விற்றன. பொறுமையிழந்த கடைக்காரர் ஒருவர் இதை எடுத்துச்சொல்லி, “சாக்கடை நூலை நீங்களே எழுதிவிடுங்களேன்” என்றால், ஆலோசகர் மறுப்பதில்லை. தாளும் பென்சிலுமாக அன்றிரவே உட்கார்ந்துவிடுவார். மூன்று மாதங்களுக்குப் பின் அவரிடம் கேட்டால், முதல் அத்தியாயம் இன்னும் தொடங்கவில்லையென்றும், ‘இவ்வரிசையில் விரைவில் வெளிவருபவை’ என்ற கடைசிப் பக்கம் மட்டும் அச்சுக்குத் தயார் என்றும், அதில் பதினொரு நூல்கள் இருக்கின்றன என்றும் தெரிவிப்பார்.