குடூ மானுக்கும் எச், எனக்கும் எச்

ஹூஸ்டனில் என் பக்கத்து வீட்டுக்காரர், எண்ணெய்க் கம்பெனியில் என்ஜினீயராக இருந்து ஓய்வுபெற்றவர், தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ பக்கம் போய் ஒரு குடூ மானையும் வார்ட்ஹாக் எனும் காட்டுப்பன்றியையும் சுட்டுவிட்டு வந்தார். சுட எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டேன். விரலைச் சொடுக்கிக் காட்டினார். வீட்டுக்கு எப்போது வந்து சேரும் என்றேன். கூரையைப் பார்த்தார்.

வேட்டைக்காரர் என்றால் எனக்கு உள்ளூர ஒரு நடுக்கம் உண்டு. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சாப்பாட்டு மேஜை நிறையக் காகிதத்தைப் பரப்பி, பேனாவைக் கடித்துக்கொண்டிருந்த வேட்டைக்காரரைப் பார்த்ததும் அது போய்விட்டது. “நீ விசாவில் வந்தவன். உனக்குத்தான் இதெல்லாம் அத்துப்படி” என்று ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினார். அமெரிக்க மீன், வனவிலங்குத் துறையின் 3-177.

விலங்கின் விஞ்ஞானப் பெயர் கேட்டிருந்தது. ட்ராஜெலாஃபஸ் ஸ்ட்ரெப்சிசெரோஸ். என் பெயரோடு அப்பா பெயரையும் தாத்தா ஊரையும் சேர்த்து எழுதினாலும் இவ்வளவு கட்டம் தேவைப்பட்டதில்லை. அடுத்து, எங்கிருந்து வந்தது? காட்டிலிருந்து என்றால் டபிள்யூ. என்ன நோக்கத்துக்காக வருகிறது? சர்க்கஸுக்கு க்யூ, மிருகக்காட்சிசாலைக்கு இசட், வேட்டைப் பரிசுக்கு எச்.

எச்! நானும் எச் விசாவில்தான் இந்த நாட்டுக்குள் வந்தேன். ஆனால் ஒரு நாட்டுக்காரர்களுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்று கிரீன் கார்டு வரிசையில் நிற்க வைத்திருக்கிறார்களே, அந்தச் சட்டம் மானுக்குக் கிடையாது. வந்து இறங்கிவிட்டால் நிரந்தரம். சுவரில் இடம்கூட ஒதுக்கியாகிவிட்டது. உயிரோடு இல்லை என்பது ஒன்றுதான் குறை.

பக்கத்து வீட்டுக்காரர் விவரமானவர். அழியும் உயிரினங்களின் வணிகத்துக்கென்று 1973-இல் வாஷிங்டனில் கையெழுத்தாகி 1975-இல் அமலுக்கு வந்த சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் குடூவும் இல்லை, வார்ட்ஹாக்கும் இல்லை என்று பார்த்துத்தான் சுட்டிருக்கிறார். வரிக்குதிரை சுட்டவர் பாடுதான் திண்டாட்டம். சமவெளி வரிக்குதிரை பட்டியலில் கிடையாது. மலை வரிக்குதிரை உண்டு. ஆக, செத்த குதிரைக்கும் சாதிச் சான்றிதழ் வேண்டும். சிங்கம் சுட்டவர்கள் கதை தனி. 2015-இல் ஜிம்பாப்வேயில் செசில் என்ற சிங்கத்தை ஓர் அமெரிக்கப் பல் மருத்துவர் கொன்று உலகமே கொதித்தபோது, சில விமான நிறுவனங்கள் சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை ஆகிய ஐந்தின் பரிசுகளையும் ஏற்ற மாட்டோம் என்றுவிட்டன.

இத்தனைக்கும் எல்லையில் பெரிய பயம் துப்பாக்கியைப் பற்றியல்ல, கோமாரி நோயைப் பற்றி! மானுக்குக் கோமாரி, பன்றிக்கு ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். இரண்டில் எது உள்ளே நுழைந்தாலும் இங்குள்ள பண்ணைகள் கதி அதோகதி. அதனால் மண்டையோட்டை வேகவைத்து, தோலில் உப்பை அப்பி, மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்துத்தான் பெட்டியில் அடைக்கிறார்கள். அந்தப் பெட்டியின் மரத்துக்கும் சூடு காட்டி முத்திரை குத்தியிருக்க வேண்டும். பலகைக்கும் விசா!

கோமாரி என்றதும் எனக்கு அம்மாவின் உப்புக்கண்டம் நினைவுக்கு வந்தது. சிவகங்கைப் பக்கத்துக் கைப்பக்குவம். ஆட்டுக்கறியை நீளவாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் பூண்டும் அரைத்துத் தடவி, நூலில் கோத்து மொட்டை மாடியில் காயவைத்தது. என்னைப் பார்க்க வந்தபோது அரைக்கிலோ கட்டிக்கொண்டு வந்தாள். படிவத்தில் இறைச்சி உண்டா என்ற கேள்விக்கு ‘ஆமாம்’ என்று டிக் அடித்திருந்ததால் அபராதம் இல்லை. உப்புக்கண்டமும் இல்லை. “மன்னிக்கணும் மேடம்” என்று மரியாதையாகச் சொல்லித்தான் தொட்டியில் போட்டார் அதிகாரி.

இதைச் சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். பில்டாங் என்று அந்த ஊர்க் காய்ந்த கறி ஒரு பொட்டலம் கைப்பையில் வைத்திருந்தாராம். அதுவும் தொட்டிக்குத்தான் போயிருக்கிறது. வேலியோரமாகக் கையாட்டுவதோடு நின்றிருந்த எங்கள் சிநேகிதம் அன்றைக்குத்தான் கெட்டிப்பட்டது. முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஸ்மித்சோனியனுக்காக ஆப்பிரிக்க வேட்டைக்குப் போனபோது தோல் பதப்படுத்த 4 டன் உப்பு கொண்டுபோனார் என்று சொல்லி ஏங்கினார். அன்று வேட்டைக்காரனுக்கு உப்புதான் சுமை. இன்று காகிதம்.

மாதக்கணக்கில் காத்திருந்து பெட்டி வந்தது. ஆனால் வீட்டுக்கு வரவில்லை. அரசு அங்கீகாரம் பெற்ற பாடம் செய்யும் பட்டறைக்குத்தான் நேரே போக வேண்டுமாம். நானும் கூடப் போனேன். மூடியை நெம்பியதும் உப்பு பொலபொலவென்று உதிர்ந்தது. தோல் அப்பளமாய் விறைத்து மடிந்து கிடந்தது. அதன் காதில் கம்பியால் கட்டிய தகரச் சீட்டு. முறுக்கிக்கொண்டு போகும் கொம்பு இரண்டையும் குமிழித் தாளில் சுற்றியிருந்தார்கள். பட்டறைக்காரர் சிந்திய உப்பைத் தனியாகப் பெருக்கி எடுத்தார். அதைக் கண்ட குப்பையில் கொட்டிவிட முடியாதாம். அந்த உப்புக்குக் கிடைத்த கவனிப்பைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

தலை சுவரேறிய அன்று அம்மாவை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினேன்.

“ஆத்தாடி, எம்மாம் பெரிய தலை! உள்ள என்னடா வச்சிருக்கு?”

“நுரையில பொம்மை மாதிரி செஞ்சு வச்சிருக்காங்கம்மா.”

“கண்ணு?”

“கண்ணாடி.”

“கறி?”

“அதை அங்கேயே விட்டுட்டு வந்துட்டாரு. கொம்பும் தோலும்தான் நிஜம்.”

அம்மா பக்கத்து வீட்டுக்காரரைத் திரையில் ஏற இறங்கப் பார்த்தாள். அவர் பெருமையாகக் கும்பிட்டார்.

“சரி விடு. உப்பாவது நல்லாப் போட்டாங்களாமா?”