எமலிங்கத்தருகே ஒரு பேட்டரி விசாரணை

திருவண்ணாமலைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. எந்த முடிவையும் பௌர்ணமி வரை தள்ளிப்போடலாம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். வரன் பேசுவது, மனை வாங்குவது, பங்காளித் தகராறு எல்லாம் வெறுங்காலோடு நடந்தபடியே தீர்ந்துவிடும். மலை கேட்டுக்கொண்டிருப்பதால் பொய்யும் கொஞ்சம் குறையும். லேப்டாப் விஷயத்தை நானும் அப்படித்தான் தள்ளிவைத்திருந்தேன்.

மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். புது லேப்டாப் அறுபதாயிரம் என்கிறார்கள். ஆன்லைனில் அதே கம்பெனியின் ரீஃபர்பிஷ்டு லேப்டாப் இருபத்திரண்டாயிரம். படத்தில் மாப்பிள்ளை மாதிரி மின்னுகிறது. வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. 2011-இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில், மச்சினன் பிளஸ் டூ படித்தபோது வாங்கியது. இப்போது அதன் மேல்தான் ரேஷன் கார்டும் கரண்ட் பில் அட்டையும் பத்திரமாக இருக்கின்றன. வீட்டிலேயே உபயோகமான சாமான் அதுதான் என்பது மாமியாரின் கட்சி.

பெங்களூர் ஐ.டி. கம்பெனியிலிருந்து பௌர்ணமிக்கு பஸ் ஏறி வந்த அதே மச்சினனைப் பிடித்துக்கொண்டேன். கிரிவலத்தில் இந்திரலிங்கம் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

“இதெல்லாம் எங்கேருந்து வருதுன்னு நினைக்கிறீங்க மாமா? எங்களை மாதிரி ஆபீஸ்லேருந்துதான். மூணு நாலு வருஷத்துல லீஸ் முடிஞ்சதும் மொத்தமா திருப்பிக் குடுத்துடுவாங்க. அதைத் துடைச்சு, எஸ்.எஸ்.டி. மாத்தி விக்கிறாங்க. திங்க்பேட், லாட்டிட்யூட் மாதிரி ஆபீஸ் மாடல் அடி தாங்கும்.”

“அப்ப நீ தட்டின கீபோர்டுலதான் என் பொண்ணு படிக்கணுமா?”

“நான் எங்க மாமா தட்டினேன்? புதுசாவே இருக்கும்.”

அக்னிலிங்கம், ரமணாசிரமம் தாண்டி எமலிங்கம் வந்தது. பேட்டரியின் ஆயுளைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் ஏது? சுக்குக் காபி வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றோம். விண்டோஸில் ஒரு வரிக் கட்டளை தட்டினால் பேட்டரி ரிப்போர்ட் வருமாம். நண்பனுடைய ரிப்போர்ட்டை போனில் காட்டினான். பிறந்தபோது 60 வாட்-ஹவர், இப்போது முழுசாக ஏற்றினாலும் 34. சித்திரகுப்தன்கூட இவ்வளவு பச்சையாகக் கணக்குக் காட்டமாட்டார்.

“இன்னும் எவ்வளவு நாள் தாங்கும்?” என்றேன்.

“சொல்ல முடியாது மாமா. மாத்திட்டா பொழைச்சுக்கும்.”

பக்கத்தில் நின்ற பாட்டி பதறிப்போய், “யாருக்கு தம்பி, அப்பாவுக்கா?” என்றார்.

“இல்லீங்க, பேட்டரிக்கு.”

“அதுவா? எங்க வீட்டுக்காரருக்கும் நெஞ்சுல வெச்சிருக்காங்க. நல்லாத்தான் இருக்காரு” என்று சொல்லி, மச்சினன் நெற்றியில் விபூதி பூசிவிட்டுப் போனார். மறுக்க மனம் வரவில்லை.

நிருதிலிங்கத்துக்கு அப்பால்தான் முக்கியமான சேதி கிடைத்தது. விளம்பரத்தில் ‘ஐ5’ என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். விஷயம் அதற்கடுத்த பொடி எழுத்தில் இருக்கிறது. 7200 என்றிருந்தால் ஏழாம் தலைமுறை, 8250 என்றால் எட்டு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், ஏழில் ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர. திடீரென்று ஏழாம் தலைமுறை லேப்டாப்புகள் ஏன் இவ்வளவு மலிவு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வருணலிங்கத்தில் கீபோர்டில் தண்ணீர் போன கதைகளும், வாயுலிங்கத்தில் விசிறிச் சத்தமும் பேசினோம். அவற்றை விடுங்கள்.

குபேரலிங்கத்தில் வழக்கம்போல நெரிசல். அங்கே யாரும் வாரண்டி கேட்பதில்லை. நான் விலைக்கு வந்தேன். அதே மாடல் நம்மூர்க் கடையில் மூவாயிரம் அதிகம். ஆனால் கடைக்காரரை நாளைக்கும் தேரடித் தெருவில் பார்க்கலாம். ஆன்லைன்காரரைப் பார்க்க வேண்டுமென்றால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு குரலைத்தான் வலம் வர வேண்டும்.

ஈசான்யலிங்கத்தில் தீர்ப்பு எழுதினோம். ஜி.எஸ்.டி. பில், ஆறு மாத வாரண்டி, திருப்பி அனுப்பும் வசதி மூன்றும் இருந்தால் ஆன்லைன். ஒன்று குறைந்தாலும் தேரடித் தெரு. நீங்களும் வாங்குவதாக இருந்தால், பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள், முதல் வேலையாக பேட்டரி ரிப்போர்ட் பாருங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.