கைவீசி நடக்க ஒரு கட்டணம்

துபாய், தேரா

அன்புள்ள மைனிக்கு, கொழுந்தன் எழுதுறது.

"நடிகன்மாரு பெட்டியெல்லாம் நீதான் தூக்குறியாமே, ஒரு போட்டோ எடுத்து அனுப்ப என்ன கொள்ளை?"ன்னு போன்ல கேட்டீங்க. போன்ல பதில் சொன்னா பாதியில லைன் கட்டாயிடும். மிச்சத்தை நீங்க குருசடிப் பக்கம் உக்காந்து சொந்தமா சேர்த்துச் சொல்லிடுவீங்க. அதான் விலாவாரியா எழுதுறேன்.

விமானம் ஏறப்போற வசதியான ஆளுங்க வீட்டுக்கு நாங்க வேன் எடுத்துட்டுப் போவோம். கையில தராசும் சீட்டு அடிக்கிற சின்ன மிஷினும் இருக்கும். பாஸ்போர்ட்டைப் பார்த்து, பெட்டியை நிறுத்து, சீட்டு ஒட்டி, முத்திரை போட்டு, நேரா ஏர்போர்ட்ல கொண்டு சேர்த்திடுவோம். அவங்க சாவகாசமா போனை மட்டும் பிடிச்சிக்கிட்டு வருவாங்க. பெட்டியைத் திரும்பப் பார்க்கிறது இறங்குற ஊர்லதான். எமிரேட்ஸ்ல முதல் வகுப்பு டிக்கெட் எடுத்தா துபாய், ஷார்ஜா வீடுகளுக்கே ஆள் வந்து இதைச் சும்மா செஞ்சு தராங்க. மத்தவங்க காசு கொடுத்து எங்களை மாதிரி ஆளைக் கூப்பிடணும். ஆக, ஒருபாடு காசு வச்சிருக்கிறவனுக்கு இலவசம், கொஞ்சம் வச்சிருக்கிறவனுக்குக் கட்டணம், நம்ம ஆளுக்குத் தலைச்சுமை.

நடிகன் விஷயத்துக்கு வாறேன். பேரு சொல்ல முடியாது, கம்பெனியில கையெழுத்து வாங்கியிருக்கு. பதினாலு பெட்டி. "இதையெல்லாம் நீங்களே அடுக்கினீங்களா? யாராவது ஏதாவது கொடுத்து விட்டாங்களா?"ன்னு கேக்குறது எங்க கடமை. கேட்டேன். அவரு உதவியாளரைப் பார்த்தாரு. உதவியாளரு தன்னோட உதவியாளரைப் பார்த்தாரு. அவரு சமையல்காரரைப் பார்த்தாரு. உள்ள என்ன இருக்குன்னு அந்த வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது. நம்ம கடியப்பட்டணத்துல ஒருத்தன் கப்பலுக்கோ கல்ஃபுக்கோ கிளம்பினா அவன் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு தெருவுக்கே தெரியும்; அடுக்கினதே தெருதானே!

சினிமாக்காரன் பெட்டி தூக்குறது நம்ம குடும்பத்துக்குப் புதுசும் இல்லை. 1981ல வந்த 'அலைகள் ஓய்வதில்லை'க்காக பாரதிராஜா முட்டத்துல படம் பிடிச்ச காலத்துல, பாறை மேல பெட்டி சுமந்ததை நம்ம பாட்டா சாவுற வரைக்கும் சொல்லுவாரு. கூலி எவ்வளவுன்னு கேட்டா மட்டும் பேச்சை மாத்திடுவாரு.

அமெரிக்காவுல இதைப் பெரிய தொழிலாவே நடத்துறாங்க. லாஸ் ஏஞ்சல்ஸ் ஏர்போர்ட்ல 2017ல நட்சத்திரங்களுக்குன்னே தனிக் கட்டடம் திறந்தாங்க. அப்போ வருஷச் சந்தா மட்டும் 7,500 டாலர், பயணத்துக்குப் பயணம் காசு தனி. கார்ல இருந்து இறங்கி விமானத்து சீட்ல உக்கார சாதாரணப் பயணி 2,200 எட்டு வைக்கணுமாம், இங்க 70 எட்டு போதுமாம். இதை ஒருத்தன் நடந்து எண்ணியிருக்கான் பாருங்க, அவனுக்கு என்ன சம்பளமோ! விமானத்தோட காலடி வரைக்கும் கார்லயே கொண்டு விட்டுடுவாங்க. இன்னொரு ரசம் என்னன்னா, பொது வாசல்ல ஜனம் நெரிபடுறதை உள்ள ஒரு ஐபேட்ல காட்டுவாங்களாம். நம்ம ஊர்ல அடுத்தவன் படுற பாட்டைப் பார்க்க யாரும் காசு வாங்க மாட்டாங்க, சும்மாவே பார்க்கலாம்.

நம்ம நாட்லயும் குறைச்சல் இல்லை. ஏர்போர்ட்ல சோதனை போட வேண்டாத ஆளுங்கன்னு ஒரு பட்டியல் உண்டு. குடியரசுத் தலைவர், பிரதமர்னு தொடங்கி தலாய் லாமா வரைக்கும் போகும். பதவிப் பேரா போற அந்த வரிசையில ராபர்ட் வத்ரான்னு ஒரு ஆளோட பேரே 2015 வரைக்கும் இருந்துச்சு. என்ன பதவின்னு கேக்காதீங்க, பெரிய அரசியல் வீட்டு மாப்பிள்ளை. நம்ம தெருவுலயும் மாப்பிள்ளைமாரு யாருக்கும் சோதனை கிடையாதுல்லா.

அதே பட்டியல்ல முன்னாள் குடியரசுத் தலைவரும் உண்டு. இருந்தும் 2009 ஏப்ரல்ல டெல்லியில அப்துல் கலாம் ஐயாவை கான்டினென்டல் விமானக் கம்பெனி ஆளுங்க தடவிப் பார்த்துத்தான் ஏத்தினாங்க. மனுஷன் ஒரு வார்த்தை பேசலை. நாடாளுமன்றம்தான் பேசிச்சு, கம்பெனி மன்னிப்பு கேட்டுச்சு. ராமேஸ்வரத்துல வள்ளம் வச்சிருந்தவரோட மகன், கடப்புறத்து ஆளு. ஜனாதிபதி மாளிகையை விட்டு ரெண்டு பெட்டியோட வெளிய வந்தாருன்னு இன்னிக்கும் சொல்லுவாங்க. பதினாலு பெட்டிக்காரரு வீட்டுப் படியில இறங்குறப்போ எனக்கு அந்த ரெண்டு பெட்டிதான் ஓர்மை வந்துச்சு.

அதே வருஷம் ஆகஸ்ட்ல நியூவார்க் ஏர்போர்ட்ல ஷாருக்கானை ஒரு மணி நேரத்துக்கு மேல உக்கார வச்சு விசாரிச்சாங்க. அவரு பெட்டி வந்து சேராததாலதான் நேரம் கூடிப்போச்சுன்னு அதிகாரிங்க பிறகு சொன்னாங்க. பெட்டி கூட இல்லன்னா ஷாருக்கானுக்கும் சீரழிவுதான், மைனி.

இனி நம்ம சங்கதி. 2017 மார்ச் 8ல இருந்து துபாய் ஏர்போர்ட்ல உருண்டையா இருக்கிற மூட்டை, கோணலா இருக்கிற பொதி எதையும் எடுக்க மாட்டாங்க. ஒரு பக்கமாவது தட்டையா இருக்கணும். கிலோமீட்டர் கணக்குல ஓடுற பெல்ட்ல உருண்டை மூட்டை எங்கயாவது போய் மாட்டிக்கிட்டா பின்னாடி வர்ற பெட்டியெல்லாம் நின்னுபோகும். அம்மைக்கு வாங்குற கம்பளியை சுருட்டி மூட்டையா கட்டிக் கொண்டுவந்த காலம் அதோட முடிஞ்சுது. இன்னொண்ணு, ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. இதுல பணக்காரன் ஏழைன்னு கிடையாது, ஏன்னா அது பெட்டிக்காரனுக்காகப் போட்ட கணக்கு இல்லை, எங்க முதுகுக்காகப் போட்டது. நடிகன் பெட்டி ஒண்ணு 35 காட்டிச்சு. உதவியாளரு முறைச்சாரு. நான் முதுகைக் காட்டினேன்.

நம்ம ரூம்ல இருக்கிற குளச்சல் பய, எடை கூடினா சாமானைக் குறைக்க மாட்டான், உடுத்திக்குவான். மூணு சட்டை, அதுக்கு மேல கோட்டு, கோட்டுப் பையில ரெண்டு டார்ச்சு. திருவனந்தபுரம் வெக்கையில இறங்குறப்போ அவன் வீட்டாளுங்க, "பய நல்லா தடிச்சிட்டான்"னு சந்தோஷப்படுவாங்க. டிவி கொண்டு வர்ற கதையும் 2013 ஆகஸ்ட் 26ஓட ஒழிஞ்சுது, அன்னைக்குல இருந்து தட்டை டிவிக்கும் 36 சதவீதம் வரி போட்டுட்டாங்க. அதுக்கு முந்தி திருவனந்தபுரம் விமானத்துல ஆளைவிட டிவிதான் அதிகம் பறந்திருக்கும்.

எங்க கம்பெனியில எங்களுக்கும் சலுகை உண்டு. அப்போ நானும் ஒரு தடவை கைவீசி நடந்தா என்னன்னு ரூம்ல சொல்லிப் பார்த்தேன். ஜப்பான்ல இறங்கின இடத்துல பெட்டியைக் கொடுத்தா வீட்டுக்கே வந்துடும். யமாட்டோன்னு ஒரு கம்பெனி 1976ல வீட்டுக்கு வீடு பொட்டலம் கொடுக்கத் தொடங்கினப்போ முதல் நாள் கிடைச்சது 11 பொட்டலம்தான், இப்போ பெட்டி தூக்கித் திரியறதையே பலபேரு விட்டுட்டாங்க. அப்படி ஒண்ணு திருவனந்தபுரத்துக்கும் வந்து, நான் வெறுங்கையோட வெளிய வந்தா? பயலுவ விழுந்து விழுந்து சிரிச்சானுவ. மீன் இல்லாம கரை பிடிச்ச வள்ளத்துக்கு என்ன மரியாதையோ அதுதான் எனக்கும். "வேலை போயிடுச்சா மக்கா?"ன்னு முதல்ல கேக்குறது அண்ணனா இருக்கும், ரெண்டாவது நீங்க. நட்சத்திரத்துக்கு வெறுங்கைதான் அந்தஸ்து, அவன் பெட்டி எங்கயோ பின்னால வருதுன்னு எல்லாருக்கும் தெரியும். நம்ம கையில பெட்டி இல்லன்னா, அது எங்கயுமே இல்லைன்னுதான் ஊரு நினைக்கும். இதுல ஊரைக் குறை சொல்லவும் முடியாது.

உண்மையான விஐபியைப் பார்க்கணும்னா திருவனந்தபுரம் ஏர்போர்ட்லதான் பார்க்கணும். பங்குனியிலயும் ஐப்பசியிலயும் ஆறாட்டுக்கு பத்மநாபசாமி சங்குமுகம் கடலுக்குப் போறது ரன்வே வழியாத்தான். அஞ்சு மணி நேரம் போல எந்த விமானமும் ஏறாது, இறங்காது. ராஜ குடும்பத்து மூத்தவரு வாளோட கூட நடப்பாரு. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாமளும் திருவிதாங்கூர்-கொச்சியிலதானே, அந்த உரிமையில நானும் ஒரு ஆறாட்டு நாள்ல டிக்கெட்டு நேரம் மாறி ராத்திரி வந்து இறங்கியிருக்கேன். சாமிக்குப் பெட்டியும் இல்லை, சீட்டும் இல்லை, சோதனையும் இல்லை. எந்த உதவியாளரையும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

ஜூன் 29 ராயப்பர் சின்னப்பர் திருநாளுக்கு முந்தியே வந்துடுவேன். கோடாலித் தைலம், யார்ட்லி பவுடர், ஈச்சம்பழம் எல்லாம் வாங்கியாச்சு. டாங்க் பொடி மார்த்தாண்டத்துலயே கிடைக்கும், ஆனாலும் துபாய் டாங்க்தான் வேணும்னீங்க, அதுவும் ஆச்சு. திரும்பி வர்றப்போ கொப்பரை மட்டும் கட்டித் தராதீங்க, எண்ணெய்ச் சத்து தீப்பிடிக்கும்னு 2022ல இருந்து பெட்டியில அதுக்குத் தடை. நெத்திலிக் கருவாட்டைப் பத்தி அந்தச் சட்டத்துல ஒண்ணும் சொல்லலை, அதை நாலு கவர் போட்டுக் கட்டுங்க.

ஏர்போர்ட்டுக்கு வர்ற வண்டிக்கு மேல கேரியர் இருக்கான்னு பார்த்துப் பேசுங்க. கட்டுற கயிறு கடையில புதுசா வாங்குங்க, அண்ணனோட வலைக்கயிறு வேண்டாம், போன தடவை பவுடர் டப்பா வரைக்கும் சாளை நாறிச்சு. வண்டியில ஆளையும் குறைங்க. போன தடவை சித்தி, சித்தி பிள்ளைகள், பக்கத்து வீடுன்னு எல்லாரும் வந்து, பெட்டியை மட்டும் டாக்சியில ஏத்திட்டு என்னைக் களியக்காவிளை பஸ்ல ஏத்தி விட்டீங்க. ஆளு ஒரு வழி, பெட்டி ஒரு வழின்னு அனுப்புறதுக்கு இங்க நாங்க நல்ல தொகை வாங்குறோம், மைனி.

இப்படிக்கு,
உங்க கொழுந்தன்