புது டயர் போட்ட மாப்ளைக்கு

வா மாப்ளே, வா. செருப்பை அங்கயே விட்டுப்போட்டுத் திண்ணையில உக்காரு. நீ தெருமுக்குத் திரும்பறப்பவே தெரிஞ்சுபோச்சு. வண்டிச் சத்தத்துல இல்ல, பின்னால காலிப் பெட்டிக குதிச்ச குதியில. நம்ம வேகத்தடையில ஏறி எறங்குனப்ப எதுத்த ஊட்டுக் கோழி கூடையை விட்டு எந்திரிச்சு ஓடுது.

நாலும் மாத்திட்டயாமா? நெம்ப நல்ல காரியம். பாக்கறதுக்கும் காங்கயம் காளைக்குக் கொம்பு சீவி விட்டாப்புலதான் இருக்குது. உன்ற அத்தையை மோரு கொண்டாரச் சொல்லியிருக்கறேன். குடிச்சுப்போட்டுச் சொல்லு, எதுக்கு மாத்துனே?

"பாரம் எச்சா ஏத்தலாமுங் மாமா, கடைக்காரர் சொன்னாருங்"கறே. செரி. டயர் விக்கறவரு டயரைப் பத்திப் பொய் சொல்லுவாரா? டயர் தாங்கும்னாரு, தாங்கும். வண்டியும் தாங்கும்னு அவரு சொன்னாரா? அதை நீயா சேத்திக் கேட்டுக்கிட்டே.

எங்கய்யன் காலத்துல நம்ம ஊட்டுலயும் ஒருக்கா சக்கரம் மாத்துனோம். அதுவரைக்கும் கட்டை வண்டி. மரச்சக்கரம், ஆரக்கால், சுத்தி இரும்பு வளையம். பத்து மூட்டை ஏத்துனா மாடு ரெண்டும் நொரை தள்ளும். அப்புறம் டயர் வண்டி வந்துச்சு. அடேயப்பா! கையில தள்ளுனாவே நகருது. பத்து பன்னெண்டாச்சு, பன்னெண்டு பதினெட்டாச்சு. எங்கய்யனுக்கு மீசை ரெண்டு பக்கமும் ஒரு வெரக்கடை ஏறிப்போச்சு. ஒரு தை மாசம் கடலைக்காய் மூட்டையோட வாய்க்கா மேட்டு எறக்கத்துல வந்தம் பாரு, அப்பத்தான் தெரிஞ்சுது, வண்டி இழுக்கறதுக்குத்தான் லேசாகியிருக்குது, நிறுத்தறதுக்கு லேசாகலைன்னு. பாரம் பின்னாலருந்து தள்ளுது, மாட்டுக் கழுத்து தாங்கலை. இடத்து மாடு முட்டி போட்டு உழுந்திருச்சு. அச்சு வளைஞ்சு, மூட்டை பூராவும் வாய்க்காலுக்குள்ள. டயரை மட்டும் கேக்காதே. அதுபாட்டுக்குப் புத்தம் புதுசா, ஒரு கீறல் இல்லாம மேல பாத்துச் சுத்திக்கிட்டுக் கெடந்துச்சு. எங்கய்யன் வீட்டுக்கு வந்து மூணு நாள் ஆருகூடயும் பேசலை. நாலாம் நாள், "சக்கரத்தைத்தானே மாத்துனோம், மாட்டையா மாத்துனோம்"னாரு. அதோட செரி.

மயிலெறகா இருந்தாலும் அளவு மீறி ஏத்துனா அச்சு முறியும்னு வள்ளுவரு சொன்னது உனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பே. அவரு அச்சைத்தான் சொன்னாரு, சக்கரத்தைச் சொல்லலை. கவனிச்சயா? அந்தக் காலத்துலயே அவருக்கு ஒரு சக்கரக் கடைக்காரரு பழக்கம் இருந்திருக்கோணும்.

உன்ற கண்ணு எங்க விரிஞ்சுதுன்னும் எனக்குத் தெரியும். டயர் பக்கத்துல 112-னு போட்டிருக்குது. அப்படின்னா ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். நாலுக்கும் 4,480. மனசுக்குள்ள உடனே நாலு டன்னு ஏத்திப்போட்டே! அது டயரோட ஜாதகம் மாப்ளே, வண்டியோட ஜாதகம் இல்ல. பலமான ஆளு நாலு பேரு கயித்துக் கட்டலைத் தூக்கி நிக்கறாங்கன்னு வெச்சுக்க. ஆளு பலமா இருக்கறாங்கன்னு நாலு நெல்லு மூட்டையை மேல போட்டா, ஆளு அப்படியேதான் நிப்பாங்க. கயிறு அந்துபோகும். உன்ற வண்டியில அந்தக் கயிறு எதுன்னா, கம்பெனியில போட்டு உட்டது போட்டபடி இருக்குதே, அந்த ஸ்பிரிங் பட்டை.

இன்னொண்ணு. பாரத்தை ரப்பர் தாங்குதுன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கறே. தாங்கறது காத்து. ரப்பர் காத்தைக் கட்டி வெச்சிருக்கற பைதான். ஒரே அளவுல 8 பிளையும் 12 பிளையும் வாங்கி, ரெண்டுலயும் ஒரே காத்து அடிச்சா, ரெண்டும் ஏறத்தாழ ஒரே பாரத்தைத்தான் தாங்கும். 12 பிளைங்கற பை கெட்டி, அதுல காத்து எச்சா அடிக்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம். உள்ள 12 அடுக்குத் துணி இருக்குதுன்னும் நெனைச்சுக்காதே. அது பருத்தி நூலுல டயர் செஞ்ச காலத்துக் கணக்கு, இப்ப பலத்துக்கு வெச்ச பேரா மட்டும் நிக்குது. நம்மூருல 'பண்ணாடி'ன்னு பேரு வெச்சிருக்கறவனுக்கெல்லாம் பண்ணையமா இருக்குது?

காத்தை எச்சா அடிச்சா என்ன ஆகும்? ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போறப்ப பாரம். திரும்பி வாரப்ப? காலி. காலி வண்டியில கல்லாட்டம் டயர் இருந்தா நடுப்பக்கம் மட்டும் தரையைத் தொடும், நடுவு மட்டும் தேயும். மழைத் தண்ணியில பிரேக் அடிச்சா புடிமானம் பத்தாது. பள்ளத்துல எறங்குனா முன்னெல்லாம் டயரே கொஞ்சம் அமுங்கிக் குடுக்கும், மிச்சத்தைப் பட்டை வாங்கிக்கும். இப்ப டயர் அமுங்க மாட்டேங்குது. அடி பூராவும் பட்டைக்கு, ஷாக் அப்சர்வருக்கு, புஷ்ஷுக்கு, பேரிங்குக்கு. கடைசியா உன்ற இடுப்புக்கு. பத்தாததுக்கு டயரே பழசை விடக் கனம். பட்டைக்குக் கீழ கனம் கூடக் கூட, வண்டி குதிக்கறதை அடக்கறது செரமம். கம்பெனிப் பட்டைக்கு நீ டயர் மாத்துன சேதியே தெரியாது, பாவம். அது பழைய டயரை நம்பிக்கிட்டு உக்காந்திருக்குது.

அடுத்து என்ன செய்யப்போறேன்னும் சொல்லட்டுமா? பட்டறைக்குப் போயி ஒரு பட்டை கூட்டிப் போடுவே. அப்புறம் பிரேக் பத்தாது. பிரேக்கைப் பாத்தா ஹப் பேரிங் கத்தும். அதை மாத்துனா அச்சு. ஒவ்வொண்ணா மாத்தி முடிக்கறப்ப ஊட்டு முன்னால ஒரு லாரி நிக்கும், ஆர்.சி. புத்தகத்துல மட்டும் பிக்கப்புன்னு இருக்கும்.

அந்தப் புத்தகத்தை எடு. மொத்த எடை எவ்வளவு, வெறும் வண்டி எடை எவ்வளவு? கழிச்சா 1,500 வருதில்ல? அதுல நீயும் கூட வாற பையனும் 130 கிலோ. என்னத்துக்கு மொறைக்கறே, பையன் ஒல்லிதான். மிச்சம் 1,370. தக்காளி 14 கிலோ, பெட்டியோட கனம் 2 கிலோ சேத்துனா 16. ஆக 85 பெட்டி. நீ 150 ஏத்தலாம்னு பாக்கறே. ஒரு டன்னுக்கு மேல எச்சு. பாலக்காட்டு ரோட்டுல நிறுத்துனா 20,000 அபராதம், எச்சா இருக்கற டன்னுக்கு 2,000. எச்சுப் பெட்டிகளை எறக்கி வெச்சாத்தான் வண்டி நகரும். அந்த எறக்குக் கூலியும் உன்ற கணக்குலதான். டயர் கடைக்காரரு வந்து எறக்கித் தருவாராக்கும்.

அதுக்காகக் கழட்டிக் குடுத்துப்போட்டு வான்னு சொல்லலை. வேலிக்காத்தான் முள்ளு, குவாரி ஜல்லி, நம்ம பஞ்சாயத்து ரோடு, இதுக்கெல்லாம் கெட்டி டயரு நல்லதுதான். பக்கச் சுவரு சீக்கிரம் கிழியாது. அதே அளவுல வாங்குனயே, அது உன்ற நல்ல நேரம். ஒரு அளவு பெருசா வாங்கியிருந்தீன்னா வளைவுல மட்கார்டுல ஒரசியிருக்கும். சுத்தளவு நூத்துக்கு அஞ்சு கூடுனாக்கூட, மீட்டர் முள்ளு 60-ல நிக்கறப்ப வண்டி 63-ல போகும். கிளச்சும் மேட்டுல அழுவும்.

டயர் பக்கத்துல எல்லாம் பாத்தே, இந்த நாலு நம்பரை மட்டும் பாக்காம உட்டுட்டே. 3522-னு இருக்குது பாரு, 2022-ம் வருசம் 35-வது வாரம் செஞ்சது. புதுசு புதுசுன்னு குதிச்சயே, உன்ற பையன் பொறக்கறதுக்கு முன்னாலயே பொறந்த டயரு. அண்ணன்னு கூப்பிடச் சொல்லு.

செரி, எந்திரி. கதவோரத்துல ஒரு சீட்டு ஒட்டியிருப்பாங்க, முன்னாலைக்கு எவ்வளவு காத்து, பின்னாலைக்கு எவ்வளவு, காலிக்கு எவ்வளவுன்னு. தூசியைத் தொடைச்சுப் படி. விடிகாலையில, வண்டி ஓடறதுக்கு முன்னால, டயரு சூடாகாம இருக்கறப்ப அளந்து பாரு. நாளைக்கு நம்ம தோட்டத்துத் தக்காளி 90 பெட்டி வருது. 85 உன்ற வண்டியில. மிச்சம் அஞ்சை நான் டவுன் பஸ்ஸுல கொண்டாறேன்.