பால்கனியில் பத்து வருஷப் பயிர்

கோயம்புத்தூரில் வாடகைக்கு வீடு பிடிப்பவர் முதலில் சத்தியம் செய்து கொடுப்பது ஆணிக்கு எதிராகத்தான். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் மிக்ஸி ஓட்டக் கூடாது. சிறுவாணித் தண்ணியில் வண்டி கழுவக் கூடாது. ஒரம்பரை வந்தால் ரெண்டு நாளில் ஊருக்கு அனுப்பிவிட வேண்டும். இத்தனையும் எழுதி வாங்கிக்கொள்ளும் பதினோரு மாசப் பத்திரத்தில், கஞ்சா வளர்க்கக் கூடாது என்று ஒரு வரி கிடையாது.

இந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவன் என் அக்கா மகன். சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை, மூன்றாவது மாடியில் மேற்குப் பார்த்த பால்கனியோடு ஒரு வாடகை வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரியாணியைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"மாமா, ஜெர்மனில 2024 ஏப்ரல்ல இருந்து ஒரு ஆளு வீட்ல மூணு செடி வெச்சுக்கலாம்னு சட்டமே வந்துருச்சு, தெரியுமா?"

"என்ன செடிடா, செம்பருத்தியா?"

அவன் சிரித்த சிரிப்பிலேயே அது செம்பருத்தி இல்லை என்று தெரிந்துவிட்டது. "சும்மா ஒரு பொது அறிவுக்குக் கேட்டேன்" என்றான். பொது அறிவுக்கு வந்தவனைப் பொது அறிவோடுதான் அனுப்ப வேண்டும் என்று நானும் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். இருக்கிற ஆபத்துகளில் சுலபமாக விளங்குவது அதுதான். 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒருவர் பையில் 1 கிலோ வரை கஞ்சா இருந்தால் அது 'சிறிய அளவு'. ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே ஆள் வீட்டுத் தொட்டியில் விரல்கடை உயரத்துக்கு ஒரு செடி வைத்திருந்தால், அது 'பயிர் செய்தல்'. 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். செடிக்குச் சிறிய அளவு, பெரிய அளவு என்ற தராசு கிடையாது. வாங்கித் தின்பவனைவிட விதைத்து வளர்ப்பவனுக்கே தண்டனை அதிகம் என்பதைப் பார்த்தால், எழுதியவருக்கு விவசாயிகள் மேல் ஏதோ பழைய கோபம் இருந்திருக்கும் போல.

"பூத்தாத்தானே மாமா கஞ்சா? பூக்கறதுக்கு முன்னாடி பிடுங்கிட்டா?"

பையன் படித்திருக்கிறான். பூக்கும் நுனியும் காய்க்கும் நுனியும்தான் கஞ்சா. நுனி இல்லாமல் தனியே கிடக்கும் இலையும் விதையும் அதில் சேராது என்று சட்டமே சொல்கிறது. வடக்கே பாங் விற்பது அந்தச் சந்தில்தான். ஆனால் செடிக்கு விளக்கம் தனி: கஞ்சா இனத்தைச் சேர்ந்த எந்தச் செடியும். பூத்ததா, வயசுக்கு வந்ததா என்றெல்லாம் கேள்வி இல்லை. உத்தராகண்டில் நாருக்கும் விதைக்கும் உரிமம் வாங்கிப் பயிர் செய்கிறார்கள். சரவணம்பட்டி மூன்றாவது மாடிக்கு அந்த உரிமம் கிடைக்காது.

அடுத்த ஆபத்து, வீட்டுக்காரர். அதே சட்டத்தின் 25ஆம் பிரிவு, தன் இடத்தில் இப்படி ஒரு குற்றம் நடப்பதைத் தெரிந்தே விட்ட உரிமையாளருக்கும் அதே தண்டனை என்கிறது. 'தெரிந்தே' என்ற சொல்தான் உரிமையாளரின் உயிர்நாடி. எதுவும் தெரியாதவராக அவர் இருக்க வேண்டும். கொங்கு நாட்டில் அது நடக்கிற காரியமா? தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி வீட்டுக்காரர் உள்ளே வர முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். எந்த ஊர் ஓனரம்மா அறிவிப்புக் கொடுத்திருக்கிறார்? கையில் நாலு முருங்கைக்காயோடு வருவார். "தோட்டத்துல காச்சுதுங்க, உங்களுக்குங் கொஞ்சம்" என்று சொல்லி முடிப்பதற்குள் ஹாலைத் தாண்டி, அடுப்படியைப் பார்த்து, பால்கனிக் கொடியில் காயும் துணியை எண்ணிவிட்டு, "பாத்ரூம் குழாய் சொட்டுதுங்ளா?" என்று கேட்டுக்கொண்டே திரும்பியிருப்பார். முருங்கைக்காய்தான் சோதனை வாரண்ட். வாங்கிக்கொள்ளாமல் இருக்கவும் முடியாது.

சரி, கதவைச் சாத்திக்கொண்டு, திரை போட்டு, அறைக்குள் விளக்கு வெளிச்சத்தில் வளர்த்தால்? அங்கே மூன்றாவது ஆபத்து மீட்டர் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. 600 வாட் விளக்கு ஒன்று நாளுக்கு 18 மணி நேரம் எரிந்தால் 10.8 யூனிட். நம் மின்வாரியம் ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறது. 60 நாளைக்கு 648 யூனிட், ஃபேனும் ஏசியும் சேர்க்காமலே. முதல் 100 யூனிட் இலவசம் என்று ஊரே மகிழ்ந்திருக்கையில், 500ஐத் தாண்டியவருக்குக் கட்டண விகிதமே மாறிவிடும். தனியாளாக இருக்கிற பையன் வீட்டில் இந்த ரீடிங்கைப் பார்க்கும் கணக்கீட்டாளர் போலீசுக்குச் சொல்ல மாட்டார். வாட்ச்மேனிடம் மட்டும் கேட்பார்: "மூணாவது மாடில என்னப்பா, ஐஸ் பேக்டரி வெச்சிருக்காங்களா?" அதுக்கு மேல் அவர் சொல்லவே வேண்டியதில்லை, வாட்ச்மேன் பார்த்துக்கொள்வார்.

கர்நாடகத்துச் சிவமொக்காவில் இது வெறும் கற்பனையாக நிற்கவில்லை. 2023 ஜூனில் மருத்துவ மாணவர்கள் சிலர் வாடகை வீட்டுக்குள் கஞ்சா வளர்த்ததாகப் போலீஸ் பிடித்தது. தமிழ்நாட்டுப் பையனும் அதில் உண்டு. பறிமுதல் பட்டியலில் எல்.இ.டி. விளக்கு, டேபிள் ஃபேன், எக்ஸாஸ்ட் ஃபேன், ஸ்டெபிலைசர் என்று ஒரு எலக்ட்ரிக் கடையே இருந்தது. படிக்கிற பிள்ளைக்குப் புழுங்கக் கூடாது என்று பெற்றவர்கள் வாங்கிக் கொடுக்கிற ஃபேனுக்கு இப்படி ஒரு கதி. மறு வருஷம் நவம்பரில் கிரேட்டர் நொய்டாவில் ஓர் அடுக்ககத்தில் ஏசி அறையில் தொட்டி தொட்டியாக வளர்த்தவர் பிடிபட்டார்.

நான்காவது ஆபத்து காற்று. கஞ்சாச் செடி பூக்கிற பருவத்தில் மணக்கும். எலுமிச்சைத் தோலில் இருக்கிற லிமோனீன் மாதிரியான வாசனை எண்ணெய்கள் அதில் கொழகொழவென்று ஊறியிருக்கும். மற்ற ஊர்களில் அந்த வாசனை அறைக்குள் கொஞ்ச நேரம் தங்கும். நம் ஊருக்கு மேற்கே இருப்பது பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிற வாசல். ஆனி, ஆடியில் அந்த வாசல் வழியாக வருகிற காற்றுதான் உடுமலை, கேத்தனூர்ப் பக்கம் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிறது. டன் கணக்கில் எடையுள்ள இறக்கையைச் சுழற்றுகிற காற்றுக்கு மேற்குப் பார்த்த பால்கனியின் வாசனை ஒரு பொருட்டா? கிழக்கே இருக்கிற வீடு ஒவ்வொன்றிலும் நுழைந்து முகவரி சொல்லிவிட்டுப் போகும். "என்னுங் இது, பொழுதோட ஒரு மாதிரி வாசம் வருதுங்" என்று எதிர்வீட்டு அம்மா கேட்டால், சாம்பிராணி என்று ஒரு நாள் சொல்லலாம். தினமும் சாம்பிராணி போட்டால், எந்தச் சாமி என்று கேட்பார். அந்தச் சாமிக்குப் பொங்கல் எப்போது என்று நோம்பி தேதியும் கேட்பார்.

இத்தனையையும் தாண்டுகிற கெட்டிக்காரனையும் ஐந்தாவது ஆபத்து விழுங்கிவிடும். அது வளர்ப்பவனின் பெருமை. 2024 நவம்பரில் பெங்களூரு எம்.எஸ்.ஆர். நகரில் ஒரு தம்பதி பால்கனித் தோட்டத்தைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள். பதினேழு தொட்டி, அலங்காரச் செடிகளுக்கு நடுவே இரண்டு தொட்டியில் கஞ்சா. பார்த்தவர்களில் ஒருவர் விருப்பக் குறியோடு நிற்காமல் போலீசுக்கும் தகவல் கொடுத்துவிட்டார். போலீஸ் வருகிறது என்று தெரிந்து செடிகளைப் பிடுங்கிக் குப்பையில் போட்டிருக்கிறார்கள். ஆனால் தொட்டியில் தங்கிய இலைகள் காட்டிக் கொடுத்துவிட்டன. கைப்பற்றியது 54 கிராம். கடையில் கடுகு வாங்கினாலும் அதைவிடக் கூட வரும். ஆனால் செடி நன்றாக வந்திருந்தது. அதை நாலு பேருக்குக் காட்டாமல் இருக்க முடியவில்லை. ரோஜா பூத்தாலும் கஞ்சா பூத்தாலும் தோட்டக்காரர் மனசு ஒன்றுதான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அக்கா மகன், "எனக்கு எதுக்கு மாமா அதெல்லாம்" என்று மறுபடி பிரியாணிக்குப் போய்விட்டான். விஷயம் அதோடு முடிந்திருக்கும். ராசிபுரத்தில் இருக்கிற அவனுடைய அப்பத்தாதான் முடிய விடவில்லை. பேரன் வீட்டில் பச்சையே இல்லையே என்று ஒரு முழக் குச்சிக்கிழங்குக் கரணையை மஞ்சப்பையில் கொடுத்தனுப்பியிருக்கிறார். அவனும் தொட்டியில் ஊன்றித் தண்ணி விட்டிருக்கிறான். ரெண்டு மாசத்தில் அது ஏழு விரல் விரித்த இலைகளோடு கைப்பிடிச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தது.

எதிர் பிளாக்கிலிருந்து யாரோ போனில் இழுத்துப் பெரிதாக்கி எடுத்த படம் வாட்ஸப் குழுவில் வந்தது. கீழே ஒரு வரி: "சந்தேகத்துக்குரிய செடி, உறுப்பினர்கள் கவனிக்கவும்." 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' என்று தமிழ்நாட்டுப் போலீஸ் 2021 டிசம்பரில் தொடங்கிப் பாகம் பாகமாக நடத்தியது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. பொழுதோட நாலு பேர் கதவைத் தட்டினார்கள். செயலாளர், வாட்ச்மேன், ஒரு சாட்சி, வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். வேளாண்மைக் கல்லூரி 1906இல் சைதாப்பேட்டையிலிருந்து இங்கே குடிவந்ததிலிருந்து, அந்த மாதிரிப் பெரியவர் ஒருவர் இல்லாத தெரு கோவையில் கிடையாது. நான் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன்.

"தம்பி, அந்தச் செடியக் கொஞ்சம் பாக்கோணுமுங்" என்றார் பெரியவர். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். ஓர் இலையைத் திருப்பி, அதன் விளிம்பில் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார். "பல்லு இல்லீங்க. கஞ்சா எலைன்னா ரம்பம் மாதிரி இருக்கோணும்." காம்பைக் கிள்ளினார், வெள்ளையாகப் பால் ஒரு சொட்டு வந்தது. அதைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிசுபிசுவென்று இழுத்துக் காட்டினார். "கெழங்கு. முள்ளுவாடி."

பையன் மூச்சு விட்டான். ஆனால் யாரும் கிளம்பவில்லை. செயலாளர் நாமக்கல்காரர், ஒரு காலத்தில் அவர் வீட்டிலும் கிழங்குக் காடு இருந்ததாம். "முள்ளுவாடி இல்லீங்க, இது தாய்லாந்து" என்றார். அவ்வளவுதான். வந்த காரியத்தை மறந்து ரெண்டு பேரும் ரகத்தைப் பற்றி வாதாட ஆரம்பித்தார்கள். சேகோ ஆலைக்கு எது நல்லது, எந்த வருஷம் என்ன விலை போனது என்று பேச்சு சேலம் வரைக்கும் போய் வந்தது. பிறகு பெரியவர் குருத்தை விரித்து மாவுப்பூச்சி தேடினார். 2020இல் கேரளத்தில் கண்டு, நம் பக்கத்துக் கிழங்குக் காடுகளைக் கருக்கிய பூச்சி. அதைத் தின்ன ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து 2022இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டதைக் கண் விரிய விவரித்தார். சாட்சிக்கு வந்தவர், "தொட்டில எரு போட்டீங்ளா?" என்றார். வாட்ச்மேன், தண்ணி அதிகம் விடுகிறான் என்று புகார் சொன்னார்.

கொங்கு நாட்டில் ரகசியமாக ஒரு செடி வளர்ப்பது, கல்யாணப் பந்தியில் யாருக்கும் தெரியாமல் சாப்பிட்டு எழுவதைப் போலத்தான்; யாராவது ஒருவர் வந்து போதுமா என்று கேட்டே தீருவார். அபார்ட்மெண்டுக்குக் குடிவந்தவர்கள் காட்டை விற்றிருக்கலாம், கண்ணை விற்கவில்லை. எந்தப் பால்கனியில் என்ன பச்சை தெரிந்தாலும் அது என்ன, எத்தனை நாள் பயிர், என்ன உரம் என்று கேட்காமல் அவர்களுக்குச் சோறு இறங்காது. போலீசுக்குத் துப்பு வேண்டும், நீதிமன்றத்துக்குச் சாட்சி வேண்டும். இவர்களுக்கு ஓர் இலை போதும்.

அவனுக்கும் அது புரிந்துவிட்டது. கணக்கில் கெட்டிக்காரன் அல்லவா? கிழங்கு பத்து மாசப் பயிர், வீட்டுப் பத்திரம் பதினோரு மாசம். வெட்டி முடித்துவிட்டே காலி செய்யலாம். அந்தப் பத்து வருஷப் பயிருக்கு எந்த ஓனரும் பத்திரம் எழுதித் தர மாட்டார். இப்போது பெரியவர் வாரம் ஒருமுறை வந்து செடியைப் பார்த்துவிட்டுப் போகிறார். கிழங்கு வெட்டினால் மூன்றில் ஒரு பங்கு தனக்கு என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். ரகத்தைச் சரியாகச் சொன்னது தான்தானாம்.