இரண்டாம் சிலிண்டரின் மௌனம்: ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பேசாமல் இருப்பதை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளாத வட்டாரம் எங்களுடையது. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் 5 வயது வரை வாய் திறக்கவில்லை. திருச்செந்தூருக்குக் கொண்டுபோனார்கள்; பேச்சு வந்தது, வந்த வேகத்தில் கந்தர் கலிவெண்பாவாகவே வந்தது. ஆற்றுக்கு அக்கரை, ஆழ்வார்திருநகரியில், நம்மாழ்வார் புளியமரத்தடியில் 16 ஆண்டு மௌனம். ஆகவே இந்த ஆய்வாளன் வாங்கிய பழைய டர்போ காரின் மூன்று சிலிண்டர்களில் ஒன்று பேச மறுத்தபோது, ஊரில் ஒருவரும் பதறவில்லை என்பதை முதலில் பதிவு செய்துவிட வேண்டும்.

ஆய்வுப்பொருளின் வரலாறு தெளிவற்றது. ஆர்.சி. புத்தகப்படி நான் இரண்டாவது உரிமையாளன்; கிளட்ச்சின் தேய்மானப்படி நாலாவது. சீட் கவர் பிற்கால இடைச்செருகல் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லை. வண்டி நின்ற இடத்தில் பூனைபோல் உறுமும். ஊருக்குள் ஓட்டினாலும் ஒன்றும் தெரியாது. பாலம் கடந்து, புதுக்குடி தாண்டி, செந்தூர் ரோட்டில் வாழைத்தார் லாரி ஒன்றை முந்துவதற்காக மூன்றாம் கியரில் மிதித்தால் மட்டும், 2500 சுற்றை எட்டும் நேரத்தில் விக்கும். இதைப் பட்டறையில் 'மிஸ்ஸிங்' என்பார்கள், ஸ்கேனரில் 'மிஸ்ஃபயர்'. என் அத்தை 'திக்குவாய்' என்றாள். மூன்றும் ஒரு பொருட் பன்மொழி.

இத்துறையில் முன்னாய்வுகளுக்குப் பஞ்சமில்லை. பானெட்டைத் திறப்பதற்கு முன்பே முடிவு சொல்லியாகிவிட்டது என்பதே அவற்றின் பொதுச் சிறப்பு. டீக்கடை மரபினர் பெட்ரோலைக் குற்றம் சாட்டினர். "இப்ப எல்லாம் 20 சதவீதம் எத்தனால் கலக்குதாங்க அண்ணாச்சி, எத்தனால் தண்ணியக் குடிக்கும்" என்றார் ஒருவர். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் கெட்ட பெட்ரோல் என்றால் மூன்று சிலிண்டருக்கும் ஒரே டேங்கில் இருந்துதானே போகிறது? ஒரே பந்தியில் சாப்பிட்ட மூவரில் ஒருவருக்கு மட்டும் வயிறு கெட்டால் சாம்பாரைத் திட்டுவதில் நியாயமில்லை. இன்னொரு கட்சி, "டர்போ போயிட்டு, 50,000 எடுத்து வச்சிருங்க" என்றது. ஸ்விஸ் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூஷி 1905-இல் காப்புரிமை எடுத்த காலம்தொட்டு, புரியாத எல்லாக் கோளாறுக்கும் இந்தச் சிறு விசிறியே பழி சுமக்கிறது. டர்போ ஓய்ந்தால், அல்லது அதன் ஹோஸ் கிழிந்து காற்று ஒழுகினால், வண்டி மொத்தமாகச் சோர்ந்து இழுவை குறையும். ஒற்றைக் காலை நொண்டாது.

மூன்றாவது, வெள்ளக் கோட்பாடு. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு எங்கள் ஸ்டேஷனில் சிக்கி நின்றதை இங்கே யாரும் மறக்கவில்லை. அதற்குப் பின் இந்தப் பக்கம் விலைக்கு வந்த எந்தக் காரைப் பற்றிக் கேட்டாலும் புரோக்கர் சொல்வது ஒன்றே: "இது மேட்டுல நின்ன வண்டி அண்ணாச்சி." மேட்டில் நின்றதாகச் சொல்லப்பட்ட கார்களை எல்லாம் வரிசையாக நிறுத்த வேண்டுமானால் அந்த மேடு இந்தத் தாலுகாவைவிடப் பெரியதாக இருந்திருக்க வேண்டும். நான் சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவிப் பார்த்தேன். ஸ்டெப்னிக்குக் கீழே கையை விட்டுத் துழாவினேன். மண்கோடு இல்லை.

இனி மெய்யான ஆய்வு. மெக்கானிக் தம்பி ஸ்கேனரை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினான். பி0302 என்று வந்தது. கடைசி எண்தான் குற்றவாளியின் இருக்கை எண். பி0300 வந்திருந்தால் 'யாரோ, எவரோ' என்று பொருள். என்ஜின் எப்படிக் காட்டிக்கொடுக்கிறது என்பது அழகான சங்கதி. கிராங்க் தண்டோடு சுழலும் பல்சக்கரத்தை ஒரு சென்சார் ஓயாமல் எண்ணிக்கொண்டிருக்கும். மூன்று சிலிண்டர் வண்டியில் 240 பாகைக்கு ஒருமுறை ஒரு உந்து வர வேண்டும். 2500 சுற்றில் அது நொடிக்கு அறுபதுக்கும் மேல். ஒரு உந்து வரவில்லையென்றால் சக்கரம் இம்மியளவு தாமதிக்கும். அந்தத் தாமதத்தைக் கம்ப்யூட்டர் குறித்துவைத்துக்கொள்கிறது, ஆடி மாதம் சீர் வராததை மாமியார் குறித்துவைப்பதுபோல.

"செக் லைட் மினுக்குச்சா?" என்று கேட்டான்.

"ரெண்டு தரம்."

"மினுக்கினா ஓரங்கட்டிரணும் அண்ணாச்சி. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் எரிஞ்சா, உள்ள இருக்க கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உருகிப்போவும். அதுக்கு டர்போ விலையே தேவலன்னு ஆயிரும்."

சும்மா நிற்கும்போது பேசும் சிலிண்டர் மிதிக்கும்போது மட்டும் ஏன் ஊமையாகிறது? ஜெர்மானியர் பாஷென் 1889-இல் சொன்ன விதி இங்கே பொருந்தும்: காற்றின் அழுத்தம் ஏற ஏற, பிளக்கின் இடைவெளியைப் பொறி தாண்டுவதற்கு வேண்டிய மின்னழுத்தமும் ஏறும். ஆளில்லாத மண்டபத்தில் மெதுவாகக் கூப்பிட்டாலே கேட்கும்; வைகாசியில் ஒன்பது கருட சேவை நடக்கும்போது ஆழ்வார்திருநகரித் தெருவில் நின்று அதே குரலில் கூப்பிட்டால் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. டர்போ செய்வது அந்தக் கூட்டத்தை உள்ளே திணிப்பது. அதற்கு எதிராகக் கத்த வேண்டியது, ஒவ்வொரு பிளக்குக்கும் மின்னழுத்தம் ஊட்டும் காயில். தொண்டை வலுத்த காயில் கத்திவிடும். நலிந்த காயிலின் மின்சாரம், பிளக்கின் நுனிக்குப் போகாமல், பக்கவாட்டில் வழி கண்டு ஓடிவிடும்.

இதை நிரூபிக்கக் கையாண்ட முறைக்கு ஆள்மாறாட்டச் சோதனை என்று பெயரிடுகிறேன். இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றுக்கும், மூன்றினுடையதை இரண்டுக்கும் மாற்றி மாட்டுவது. பழைய குற்றப்பதிவை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுவது. செலவு, ஒரு டீ. இதற்கு எங்கள் ஊரிலேயே முன்னுதாரணம் உண்டு. காலதூஷகன் என்ற திருடன் கொள்ளையில் பாதியைப் பெருமாளுக்குக் கொடுத்துவந்தான் என்றும், அரண்மனையில் திருடி மாட்டும் நிலை வந்தபோது அவன் உருவில் பெருமாளே அரசன்முன் போய் நின்றார் என்றும், அதனால்தான் கள்ளபிரான் ஆனார் என்றும் தலபுராணம் சொல்கிறது. ஆனால் அவர் திருடனுக்காக இடம் மாறினார். காயில் தன் குற்றத்தையும் தூக்கிக்கொண்டு இடம் மாறும். செந்தூர் ரோட்டில் மறுபடி மிதித்தோம், விக்கியது, ஸ்கேனரைச் சொருகினோம். பி0303.

கழற்றிய காயிலை வெயிலில் பிடித்துப் பார்த்தோம். அதன் ரப்பர் உறையில் மேலிருந்து கீழே, பென்சிலால் கிழித்ததுபோல் மெல்லிய கறுப்புக் கோடு. மின்சாரம் கள்ளவழியில் நடந்து நடந்து தேய்த்த ஒற்றையடிப் பாதை அது. பிளக் இடைவெளி 0.7 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டியது. ஃபீலர் கேஜ் 1 மில்லிமீட்டர் தகட்டையும் தடங்கலின்றி உள்ளே விட்டது. பிளக் குழியின் அடியில் பொன்னிறமாகக் கொஞ்சம் படிவு இருந்தது. ரோட்டுப் புழுதியா, தாமிரபரணி வண்டலா என்று இருவரும் விரலில் தேய்த்துப் பார்த்தோம். தம்பி ஒன்றும் சொல்லாமல் கையைக் கழுவினான்.

புதுக் காயில் ஒன்று, பிளக் மூன்று. மாட்டிய அன்றே சோதனை ஓட்டம். லாரிகள் நிறைய வேண்டும் என்பதால் திருச்செந்தூர் வரை போனோம், அத்தையும் கூட வந்தாள். ஏழு லாரிகளை முந்தினேன். ஒரு விக்கல் இல்லை.

"நான் அன்னைக்கே சொல்லல? செந்தூருக்குக் கூட்டிட்டுப் போனா வாய் தெறந்துரும்னு" என்றாள்.

காலையில் காயில் மாற்றியதை எடுத்துச் சொன்னேன். "ரெண்டையும் ஒரே நாள்ல செஞ்சிட்டு, எதால சரியாச்சுன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள். ஆய்வுநெறிப்படி இந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. பழைய காயிலை மறுபடி மாட்டிக்கொண்டு ஒருமுறை செந்தூர் போய்வந்தால்தான் தீரும். காயில் டேஷ்போர்டில் பத்திரமாக இருக்கிறது. பெட்ரோல் காசை அத்தை தருவதானால் நான் தயார்.