சின்ன பொட்டலம்தான்

தங்கை மகள் வியாழக்கிழமை விடியற்காலையே விமானம் ஏறி கிளாஸ்கோவுக்குப் போய்விட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் மானாம்பதியிலிருந்து ஒரு பெரியம்மா மஞ்சப்பையோடு வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். “இன்னாபா, பொண்ணு கெளம்பிடுச்சா? எங்கிட்ட யாருமே சொல்லல. சரி, நீயே கொரியர்ல போட்டுடு. சின்ன பொட்டலம்தான்.”

பிரித்துப் பார்த்தேன். இரண்டு கிலோ புளி. கொட்டை எடுக்காத புளி.

நான் உண்மையில் கல்விக் கடன் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். வெளிநாட்டு மேற்படிப்புக்குக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்தை அடமானம் கேட்கிறார்கள். நத்தம் மனை ஆகாதாம், பட்டா நிலம்தான் வேண்டுமாம். தாய்மாமன் என்று ஒருவன் எதற்கு இருக்கிறான்? என் நிலத்தின் மூலப்பத்திரம் இப்போது ஒரு வங்கியின் இரும்பு அலமாரியில் இருக்கிறது. வில்லங்கச் சான்றுக்கு அலைந்தது, விசாவுக்காக 28 நாள் கணக்கில் பணம் குறையாமல் காவல் காத்தது, காசநோய் இல்லை என்று நெஞ்சைப் படம் பிடித்துக் காட்டியது எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லத்தான் போகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் உதவும். அதற்கு முன் இந்தப் புளியைப் பற்றி இரண்டு வார்த்தை.

படிப்பு ஒரு வருஷம். வந்து சேர்ந்த புளி மூன்று வருஷத்துக்குக் காணும். தைப்பூசத்துக்குச் சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் எங்கள் பக்கத்துப் பெருநகர் ஊரில் செய்யாற்றுக்கு வந்து கூடுவது போல, ஆகஸ்ட் கடைசியில் பொட்டலங்களெல்லாம் எங்கள் கூடத்தில் வந்து கூடின. இவற்றில் பாதி, போகிற பெண்ணுக்குக்கூட இல்லை. “எங்க பொண்ணும் லண்டன்லதான் இருக்குது. போற வழியில குடுத்துட்டுப் போவட்டும்.” லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் 600 கிலோமீட்டருக்கு மேல், சென்னையில் இறங்கி நாகர்கோவிலில் கொடுத்துவிட்டு வா என்பது மாதிரி என்று சொல்லிப் பார்த்தேன்.

“அதனால இன்னா, எல்லாம் ஒரே ராணி ஊருதானே?”

“ராணி 2022-லயே போய்ச் சேர்ந்துட்டாங்க.”

“ஐயோ பாவம்” என்று உச்சுக்கொட்டிவிட்டு, பொட்டலத்தை வைத்துவிட்டுத்தான் போனார். அந்த லண்டன் பெண் இருப்பது ஈஸ்ட் ஹாமில். அங்கே தமிழ்க் கடையில் முருங்கைக்காயே தொங்குகிறது. பெருநகர் வாரச் சந்தையில் அன்றைக்கு முருங்கைக்காய் இல்லை.

பக்கத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். 35 வயதுக்கு மேல், 70-க்குள், கால் வேலிக்கு மேல் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு என்று ஊர் வாரியத்துக்கு நிற்கத் தகுதிகள் வரும். யாரும் கவனிக்காத பகுதி அதற்குப் பிறகு வருகிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி பெயர் எழுதக் கூடாது. அவரோடு அவருடைய உறவுகளும் கூடாது. சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயோடு பிறந்தவன், தகப்பனோடு பிறந்தவன், மாமனார், உடன்பிறந்தாளைக் கட்டியவன், மருமகன் என்று வரிசையாகப் போகும். அவ்வளவு நீளமாக ஏன் எழுதினார்கள் என்று சின்ன வயதில் புரியவில்லை. இந்த ஆகஸ்டில் புரிந்தது. அந்தப் பட்டியலில் இருக்கும் ஒருவர் பாக்கியில்லாமல் எங்கள் வீட்டுக்குப் பொட்டலத்தோடு வந்தார்கள். 1100 வருஷத்துக்கு முன்பே யாரோ ஒரு சபைக்காரன் நன்றாக அனுபவப்பட்டிருக்கிறான்.

டிக்கெட்டில் இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. ஊரில் பெட்டியை எங்கே நிறுப்பது? பழைய பேப்பர்க்காரரிடம் கொக்கித் தராசு இருந்தது. மாட்டினோம். சரியாக 23. தங்கைக்கு ஆனந்தக் கண்ணீர். எனக்குச் சந்தேகம். அவர் தராசில் எட்டு கிலோ பேப்பர் ஐந்து கிலோதான் காட்டும் என்பது ஊருக்கே தெரியும். சொர்ணவாரி நெல் வந்து குவிந்திருந்த நேரம், கொள்முதல் நிலையத்து எலக்ட்ரானிக் தராசுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். 40 கிலோ மூட்டைகளுக்கு நடுவில் சிவப்புச் சக்கரப் பெட்டி ஏறியது. முப்பத்தொன்றரை. மூட்டை தூக்குகிறவர் பெட்டியை ஒரு தட்டு தட்டி, “ஈரப்பதம் பாத்தீங்களா? 17-க்கு மேல இருந்தா எடுக்க மாட்டாங்க” என்றார். வரிசையில் நின்ற விவசாயிகள் எல்லாம் சிரித்தார்கள். நானும் ஒரு விவசாயிதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெட்டியைத் திறந்து கழிக்கத் தொடங்கியதும் குக்கர் வெளியே வந்தது. இந்தக் குக்கரைப் பற்றிச் சொல்லாமல் கடனுக்குப் போக முடியாது. மூன்று லிட்டர். குக்கருக்குள் துவரம்பருப்பு, பருப்புக்குள் சம்புடம், சம்புடத்துக்குள் பெருங்காயம், பெருங்காயத்தைச் சுற்றி கல்லூரிச் சான்றிதழ் நகல் ஒன்று. கேஸ்கட் தனி, உபரி கேஸ்கட் தனி, விசில் மட்டும் கைப்பையில், ஏனென்றால் “விசில் தொலைஞ்சா அங்க கெடைக்காது.” கிளாஸ்கோவில்! 1760-களில் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில்தான் ஜேம்ஸ் வாட் என்கிற கருவி மெக்கானிக் பழுதான நீராவி இயந்திர மாதிரி ஒன்றைப் பிரித்து மேய்ந்து, உலகத்தின் தலையெழுத்தை மாற்றினார். நீராவியை அடக்கத் தெரிந்த ஊருக்கு நாம் விசில் ஏற்றுமதி செய்கிறோம். மூன்று விசிலுக்குப் பருப்பு வேகும், நான்காவதுக்கு விடுதிக்காரர்கள் கதவைத் தட்டுவார்கள். தாளித்தால் இன்னும் விசேஷம். வரமிளகாய்ப் புகைக்குக் கூரையிலிருக்கும் அலாரம் அலறி, கட்டடமே குளிரில் தெருவுக்கு இறங்கி நிற்குமாம். போன வருஷம் போன பிள்ளைகள் சொன்ன செய்தி இது. தங்கை காதில் விழுந்தது வேறு: “அப்ப தாளிக்கிறதுக்கு மூடி போட்ட கரண்டி வாங்கணும்.”

கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் மாங்காய்த் தொக்கு பாட்டிலோடு வந்து, ராமானுஜனை இழுத்தார். “சாப்பாடு சரியில்லாமதான்யா அந்த மேதை போனாரு.” 1914 மார்ச் 17-ஆம் தேதி சென்னையில் ‘நெவாசா’ கப்பல் ஏறியதிலிருந்து ஆரம்பித்து, ட்ரினிட்டி கல்லூரி அறையில் தானே பொங்கித் தின்றது வரை சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம். எங்கள் பெண் எடுத்திருப்பது சப்ளை செயின் மேனேஜ்மென்ட். தொக்கைத் திருப்பிக் கொடுத்தால் ராமானுஜனைக் கொன்ற பழி எங்கள் குடும்பத்துக்கு வரும் போலிருந்தது. வைத்துக்கொண்டோம்.

எருமை நெய்யைத் தடுத்துவிட்டேன். பாலும் மாமிசமும் கொண்டுபோகக் கூடாது என்று பிரிட்டனில் சட்டமே இருக்கிறது. கொப்பரை, எண்ணெய் கசிந்து தீப்பிடிக்கும் என்று பெட்டியில் போடத் தடை. இந்த இரண்டு சட்டங்களைப் போட்டவர்களுக்கு என் வணக்கம். புளிக்கும் ஒன்று போட்டால் புண்ணியமாகப் போகும்.

நான் கொடுத்த அரை கிலோ நிலவேம்புப் பொடி இந்தக் கணக்கில் வராது. அது மருந்து. வருஷத்துக்கு 776 பவுண்டு வீதம் மருத்துவக் கட்டணம் முன்கூட்டியே கட்டியாகிவிட்டது, ஆஸ்பத்திரி இருக்கிறது மாமா என்று அவள் சொன்னாள். ஆஸ்பத்திரியில் நிலவேம்பு தருவார்களா? பதில் சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. அவளுடைய புத்தகங்கள் இரண்டையும் நல்ல ஷூவையும் எடுத்து வெளியே வைத்தோம். எடை சரியாக இருபத்துமூன்றுக்கு வந்து நின்றது.

கடனுக்கு வருகிறேன். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்த வட்டியை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்றால், சற்று இருங்கள், தங்கை கூப்பிடுகிறாள். மாவு மில் மூடுவதற்குள் இரண்டு கிலோ மிளகாய் அரைத்துக்கொண்டு வர வேண்டுமாம். டிசம்பரில் வந்தவாசிப் பையன் ஒருவன் அயர்லாந்து போகிறான் என்று கேள்விப்பட்டிருக்கிறாள்.